டப்பாப்பால் காபி

குரும்பலூர் தனத்துக்கு ஐந்நூறு பேர் பந்திக்குக் கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போட வரும். பெரம்பலூர், அரியலூர் சுற்றுவட்டாரக் கல்யாண மண்டபங்களில் நல்லதம்பி மாஸ்டரின் சமையல் கோஷ்டியோடு பதினோரு வருஷம் அலைந்தவள். காய் நறுக்குவதில் ஆரம்பித்து, தேங்காய் துருவி, அப்புறம் சாம்பார் அண்டாவுக்கு வந்து, மாஸ்டர் வெற்றிலை போட வெளியே போனால் அடுப்பையே பார்த்துக்கொள்கிற அளவுக்கு வந்திருந்தாள். அப்படிப்பட்டவள் நாலு பேருக்குச் சமைக்கச் சொன்னபோது திணறிப்போனாள். அந்த நாலு பேரும் வியட்நாம்காரிகள்.

டவுனுக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி வந்திருந்தது. தனத்தின் மகள் கீதாஞ்சலிக்கு அங்கே தையல் பிரிவில் வேலை. தைக்கச் சொல்லிக்கொடுப்பதற்கென்று வியட்நாமிலிருந்து நாலு டிரெய்னர்களை வரவழைத்து, துறைமங்கலத்தில் ஒரு மாடி வீட்டில் தங்கவைத்திருந்தார்கள். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கம்பெனி ஆபீசர் வேணுகோபாலுக்கு. நல்ல மனுஷன்தான், ஆனால் எதற்கும் பதறுவார்.

"மூணு சமையல்காரங்க வந்து ஓடிட்டாங்கம்மா. அவுங்க எதையும் சாப்புட மாட்டேங்கறாங்க. நீங்களாவது நில்லுங்க" என்று சாவியைத் தனத்தின் கையில் கொடுத்தார்.

முதல் நாள் காலையில் வெண்பொங்கலும் மெதுவடையும் செய்து மேஜையில் வைத்தாள். நால்வரில் ஒருத்தி, குள்ளமாக, முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தவள், பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு தனத்தின் முகத்தைப் பார்த்து வெடுக்கென்று, "ச்சி!" என்றாள்.

தனத்துக்குச் சுருக்கென்றது. சரி, பொங்கல் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் தண்ணீர் கேட்டபோதும் "ச்சி." கம்பெனி வேன் ஏறும்போது மேலே திரும்பிப் பார்த்துக் கையாட்டி, மறுபடியும் "ச்சி." அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம் சொன்னாள். "நாளைலேர்ந்து நான் போவலைங்க. என்னைப் பாத்தாலே ச்சீங்கறா. பதினோரு வருஷத்துல மாஸ்டர்கூட என்னை அப்புடி ஒரு வார்த்தை சொன்னதில்ல."

குழந்தைவேல் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவன். முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, "பொங்கலைச் சொல்லியிருப்பா புள்ள, உன்னைச் சொல்லியிருக்க மாட்டா" என்றான். அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் கீதாஞ்சலி கம்பெனியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "அம்மா, அவுங்க பாஷையில 'சி'ன்னா அக்கா. அந்த லான் மேடம் உன்னை அக்கான்னு கூப்புட்டிருக்காங்க. நீ பாட்டுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்துட்டியாம். அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையான்னு என்கிட்ட கேக்குறாங்க."

லானுக்கு முப்பத்தாறு வயது. தனத்துக்கு நாற்பத்தைந்து. அக்காதான்.

ஆனால் அக்கா என்று கூப்பிட்டதற்காகச் சாப்பாடு உள்ளே இறங்கிவிடாதே. முதல் பத்து நாள் அந்த நாலு பேரும் வெறும் சோறும் அவித்த முட்டையும் தின்றார்கள். சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். மிஞ்சியதையெல்லாம் தனம் தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். குழந்தைவேல் சந்தோஷமாகச் சாப்பிட்டான். அவளுக்குத்தான் ஒவ்வொரு கவளமும் குத்தியது.

பதினோராம் நாள் சாயங்காலம் லான் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டாள். சமையலறைக்குள் நுழைந்து, தன் பையிலிருந்து ஒரு குட்டி தகரப் பாத்திரத்தை எடுத்தாள். அடியெல்லாம் ஓட்டை. கண்ணாடி டம்ளர்மேல் அதை உட்காரவைத்து, கறுப்பாக ஒரு தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடினாள். சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கியது.

தனம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "அடியே, இது நம்ம டிகாக்‌ஷன் பில்டரு! மண்டபத்துல ஆளு ஒசரத்துக்கு வச்சிருப்போம். அது குட்டி போட்டிருக்கு!"

லானுக்கு "டிகாக்‌ஷன்" புரியவில்லை. ஆனால் தனம் சிரித்தது புரிந்தது. டம்ளர் அடியில் கெட்டியாக டப்பாப்பால் இருந்தது. சொட்டு நின்றதும் கரண்டியால் கலக்கி, இன்னொரு டம்ளரில் பாதியை ஊற்றி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தனத்தைக் கையால் அழுத்தி உட்காரவைத்தாள்.

காபி கசந்தது, கூடவே பாயசம் மாதிரி தித்தித்தது. தனத்தின் வீட்டில் எப்போதும் டீதான். மண்டபத்தில் காபி ஆற்றி ஆற்றிக் கொடுத்திருக்கிறாளே தவிர, நாற்காலியில் உட்கார்ந்து குடித்ததில்லை. பந்தி முடிந்து, பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடி ஆறிப்போனதை வாயில் ஊற்றிக்கொண்டதுதான் பழக்கம். அதனால் பாதி நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். அடுத்த நாள் முழு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காபியிலிருந்துதான் சாப்பாட்டுக்கு வழி பிறந்தது. லான் கடுகுத் தாளிப்பைக் காட்டி மூக்கைப் பொத்துவாள். சின்ன வெங்காயத்தைக் காட்டி நெஞ்சில் கைவைப்பாள். பெரம்பலூர்க்காரிக்கு வெங்காயத்துக்கா பஞ்சம்? குழந்தைவேல் மண்டியிலிருந்து கொண்டுவந்து கொட்டினான். லான் அதைச் சன்னமாக அரிந்து, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, வெறும் சோற்றின்மேல் தூவினாள். நாலு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். வாழைப்பூவை லான் வேகவைக்காமல் பச்சையாகவே சீவி எலுமிச்சை பிழிந்தபோது தனம் தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆனால் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். ரசத்தில் புளியைக் கூட்டிப் பெருங்காயத்தை எடுத்துவிட்டால் அவர்கள் குடிப்பார்கள் என்பதைத் தனமே கண்டுபிடித்தாள்.

பேச்சுக்குத்தான் பெரும்பாடு. லானின் போனில் மொழி மாற்றும் ஆப் ஒன்று இருந்தது. தனம் பேசினால் அது திருதிருவென்று விழிக்கும். "வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றால் எதையோ எழுதிக்காட்டும், லான் குழம்புவாள். கீதாஞ்சலிதான் வழி சொன்னாள். "அம்மா, டிவி நியூஸ்ல பேசுவாங்கல்ல, அப்புடிப் பேசு."

அன்றிலிருந்து தனம் லானிடம் பேசவேண்டும் என்றால் தொண்டையைச் செருமி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போனுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் வீட்டிற்குச் சென்று நாளை காலை வருகிறேன்" என்பாள். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தமிழை அவள் பேசியதில்லை. அந்தத் தமிழில்தான் லானின் கதை அவளுக்குத் தெரிந்தது. கணவர் பிரிந்து சென்றுவிட்டார். மகன் பெயர் துவான். வயது ஒன்பது. சகோதரி வளர்க்கிறார்.

அந்தச் சகோதரி, லானின் அக்கா ஹுவே, தினமும் வீடியோ காலில் வருவாள். சாயங்காலம் லான் காபி போடும் நேரம் அங்கே சாப்பாட்டு நேரம். மலைச்சரிவில் பலகை வீடு. பின்னால் பச்சைப் பசேலென்று மூங்கில். ஹுவே கடுகடுவென்ற முகம், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். தனத்தைப் பார்த்ததும் தன் தட்டைத் தூக்கிக் காட்டுவாள். தனம் தன் வாணலியைச் சாய்த்துக் காட்டுவாள். அவள் மிளகாய் காட்டினால் இவள் முருங்கைக்கீரை காட்டுவாள். இருவரும் தங்கள் தங்கள் பாஷையில் சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். ஒரு வார்த்தையும் புரியாது, பேச்சு மட்டும் குறையாது. துவான் பின்னால் வாயில் சோற்றோடு ஓடிக்கொண்டிருப்பான்.

ஆடி கழிந்து இரண்டு நல்ல மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை லான் குரும்பலூருக்கு வந்தாள். சொல்லிவிட்டு வரவில்லை, கீதாஞ்சலியின் ஸ்கூட்டியில் திடுமென்று வந்து இறங்கினாள். அன்று பார்த்து அடுப்பில் ஏரி நத்தை வெந்துகொண்டிருந்தது.

நத்தை தின்கிற சமாச்சாரத்தைத் தனம் வெளியே மூச்சுவிட மாட்டாள். மண்டபத்தில் தெரிந்தால் அண்டாப் பக்கம் விடுவார்களா என்ற பயம் பதினோரு வருஷமும் உள்ளே இருந்தது. அவசரமாகச் சட்டியை மூடி, மேலே ஒரு தாம்பாளத்தையும் கவிழ்த்துவைத்தாள். லானுக்கு மூக்கு இருக்கிறதே. நேராக அடுப்படிக்கு வந்து, தாம்பாளத்தை எடுத்து, மூடியைத் திறந்து, கூச்சல் போட்டாள். தனம் சட்டியை மறுபடியும் மூடப் பாய்ந்தாள். அது சந்தோஷக் கூச்சல் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

லான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எதையோ குத்தி எடுக்கிற மாதிரி விரலால் காட்டினாள். தனம் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். லான் ஒவ்வொரு நத்தையாகக் குத்தி, லாகவமாகச் சுழற்றி இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். குழந்தைவேல் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னான். "ஏ புள்ள, இவ நம்ம சாதிசனத்தவிட நல்லா திங்கிறாளே."

அதுதான் அவர்களுடைய நல்ல காலம். எல்லாம் சேர்த்து ஏழு மாசம்.

புரட்டாசி பிறக்கும் சமயம் வியட்நாமின் வடக்கே புயல் அடித்தது. ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை பேசியபோது, மழை பலமாக இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்துவிட்டார்கள் என்று ஹுவே சொன்னாள். பேச்சுக்கு நடுவில் படம் உறைந்து நின்றது. ஹுவேயின் வாய் பாதி திறந்தபடி அப்படியே. லான் இரண்டு மூன்று தடவை அழைத்துப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை அழைப்பு போகவில்லை. புதன்கிழமை கீதாஞ்சலி போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு மலைப்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே வந்திருந்தது. செக்கச்செவேலென்று சேறு, நடுவில் ஒரு கூரைத் தகரம்.

"இது அவுங்க ஊருதானாடி?"

"தெரியலம்மா. அந்தப் பக்கம்தான் போட்டிருக்கு."

தனம் பஸ் பிடித்துத் துறைமங்கலம் போனாள். லான் அன்றும் வேலைக்குப் போயிருந்தாள். லைனில் நாற்பது பெண்கள் அவள் கையைப் பார்த்துத் தைக்கிறார்கள். அன்றைக்கு ஒரு தையலும் கோணவில்லை என்று மகள் பிற்பாடு சொன்னாள். சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். எண்ணை அழுத்துவாள், காதில் வைப்பாள், எடுப்பாள். மறுபடியும் அழுத்துவாள்.

தனம் தானே அந்தக் குட்டி பில்டரில் காபி போட்டாள். லான் தொடவில்லை. டப்பாப்பால் அடியில் படிந்து, மேலே ஏடு கட்டி, அப்படியே ஆறியது. பொரித்த வெங்காயமும் சோறும் வைத்தாள். அதையும் தொடவில்லை.

தனம் போனை வாங்கி முன்னால் வைத்து, நியூஸ் தமிழில் சொன்னாள். "தைரியமாக இருங்கள். உங்கள் சகோதரி நலமாக இருப்பார்கள்."

போன் அதை ஒரு பெண் குரலில் வியட்நாம் பாஷையில் சொன்னது. பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிக்கிற மாதிரி இருந்தது. லான் தலையாட்டினாள். அவ்வளவுதான். தனத்துக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. போனைக் கிட்டத்தில் இழுத்து, தன் வாயில் வந்ததைச் சொன்னாள்: "ஒண்ணும் ஆவாது சாமி. அழுவாத. நான் இருக்கேன்ல." போன் எதையோ எழுதிக்காட்டியது. லான் அதைப் படித்து, புருவத்தைச் சுருக்கி, பக்கத்து அறைக்காரியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். தான் சொன்னது எதுவாக மாறிப்போனதோ, தனத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை வேணுகோபால் வீட்டுக்கு வந்திருந்தார். தனம் அவரை மாடிப்படியிலேயே மறித்தாள்.

"சார், அந்தப் புள்ளைய ஊருக்கு அனுப்பிவைங்க சார். இங்க உக்காந்து எத்தனை நாளைக்கு அது போனையே பாத்துக்கிட்டிருக்கும்?"

"அனுப்பமாட்டேன்னு யாரும்மா சொன்னது? எம்.டி.யே டிக்கெட் போடச் சொல்லிட்டாரு. பாஸ்போர்ட் இல்லம்மா. விசா நீட்டிக்க சென்னையில ஏஜென்ட்கிட்ட குடுத்திருக்கு. விசா ஆபீஸ்ல மாட்டியிருக்கு. இன்னும் பத்து நாள் ஆவுங்கறாங்க. நானும் மணிக்கு ஒரு தடவ போன் போடுறேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன பண்றதுன்னு எனக்கே தெரியலம்மா."

திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்திருந்தால் தனத்துக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இங்கே எல்லாரும் நல்லவர்களாக இருந்தார்கள். ஒருத்தராலும் ஒன்றும் ஆகவில்லை.

மதியம் சமையலை முடித்துவிட்டு அவள் சிறுவாச்சூருக்குப் போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து, கோயில் வாசலுக்கு வந்தபிறகுதான் அன்று வியாழக்கிழமை என்பதே உறைத்தது. மதுரகாளியம்மன் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த விஷயம், எப்படி மறந்தாளோ. மூடிய கதவுக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொள்வது என்றும் குழப்பமாக இருந்தது. அந்த ஊர் பெயர் அவள் வாயில் நுழையாது. "காபி குடிக்கிற நேரத்துல வருவால்ல, அவதான் தாயே. அந்தப் பையனும்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதி வந்தது.

லான் வாஷ்பேசினில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் போன் ஒலித்தது. ஈரக்கையோடு எடுத்தாள். ஆண் குரல் ஒன்று, நிறுத்தி நிறுத்திப் பேசியது. லான் இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதில் "துவான்" என்ற பெயர் இருந்தது. பதிலைக் கேட்டதும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. பையன் இருக்கிறான் என்று தனம் புரிந்துகொண்டாள். அப்புறம் அந்தக் குரல் மறுபடியும் பேசியது. லான் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள்.

போனை வைத்தபிறகு தனத்தைப் பார்த்து, "சி" என்றாள். மறுபடியும், "சி... சி..."

தன்னைக் கூப்பிடுகிறாளா, அக்காவைச் சொல்கிறாளா என்று தனத்துக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆப்பைத் திறக்கத் தோன்றவில்லை. நம் ஊராக இருந்தால் இந்நேரம் தெருவே திரண்டிருக்கும். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்திருப்பார்கள். இங்கே மூன்று பெண்கள் கதவோரம் நின்றார்கள், மின்விசிறி ஓடியது, குக்கரில் விசில் வந்துகொண்டே இருந்தது. எழுந்துபோய் அதை அணைக்கவும் தனத்தால் முடியவில்லை.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்ததால் பையன் பிழைத்தான். மேட்டுக்கு வந்துவிட்ட ஹுவே, ஆடுகளை அவிழ்க்க வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் தோண்டி எடுத்தார்கள். சனிக்கிழமை அடக்கம். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் போனில் காட்டினார். மழையில் படம் விட்டு விட்டு வந்தது. லான் தலையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, சமையலறை மேஜையில் போனைச் சாய்த்துவைத்து, அதற்கு முன்னால் மண்டியிட்டாள். குழிக்குள் பெட்டியை இறக்கும் நேரம் பார்த்துப் படம் நின்றுபோனது. திரும்ப வந்தபோது மண் தள்ளி முடித்திருந்தார்கள்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது தனத்துக்குத் தெரிந்த முறை. அது லானின் வீடா, கம்பெனி வீடா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. மூன்று நாள் குரும்பலூரில் தன் வீட்டில் சமைத்து, தூக்குவாளியில் பஸ்ஸில் கொண்டுவந்தாள். மற்ற மூவரும் சாப்பிட்டார்கள். லான் ஒரு கிண்ணத்தில் சோறு எடுத்து, பொரித்த வெங்காயத்தைத் தூவி, போனில் இருந்த ஹுவேயின் படத்துக்கு முன்னால் வைத்தாள். அதன் பக்கத்தில் ஒரு டம்ளர் காபி. படையல் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தனம் கொண்டுவந்த சூடத்தை ஏற்றலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். லான் அதைப் பார்த்துவிட்டு நெருப்புப்பெட்டியை நீட்டினாள்.

ஆனால் லான் சாப்பிடவில்லை. கஞ்சி, இளநீர், ரசம், சேமியா, அவள் ஊர் முறையில் முட்டை போட்ட சூப்பு, தனம் என்னென்னவோ செய்துபார்த்தாள். லான் இரண்டு கரண்டி வாயில் போடுவாள்; கரண்டியை வைத்துவிடுவாள். ஐந்நூறு பேர் வயிற்றை நிரப்பியவள், எதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் கன்னம் நாளுக்கு நாள் ஒட்டிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்போர்ட் பதினோரு நாள் கழித்து வந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேணுகோபாலோடு தனமும் கூடப் போனாள். இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை நன்றாக உலர்த்தி, துணிப்பையில் கட்டிக் கொடுத்திருந்தாள். வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். லான் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எதையோ வேகமாகச் சொன்னாள். போன் பைக்குள் இருந்தது. எடுத்து அழுத்தி, பேசி, கேட்க நேரமில்லை. பின்னால் வரிசை நின்றது. லான் உள்ளே போய்விட்டாள். கால்மணி நேரத்தில், கதவோரம் நின்றிருந்த வேணுகோபால் உள்ளேயிருந்து கொடுத்தனுப்பிய துணிப்பையோடு திரும்பி வந்தார்.

"இதக் கொண்டுபோவ விடமாட்டேன்னுட்டாங்கம்மா."

தனம் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். கார் சமயபுரம் தாண்டியது. "கடைசியில என்ன சொல்லுச்சுன்னு உங்களுக்காவது வெளங்குச்சா சார்?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றார் வேணுகோபால்.

லான் திரும்பி வரவில்லை. பையனை விட்டுவிட்டு எப்படி வருவாள்? மற்ற மூவரின் ஒப்பந்தமும் மார்கழியோடு முடிந்தது. அடுத்து வந்தவர்கள் ஆண்கள். சமையல்காரனையும் கூடவே கூட்டிவந்தார்கள். வேணுகோபால் சாவியை வாங்கும்போது இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். தனம் நல்லதம்பி மாஸ்டரிடமே போய்ச் சேர்ந்தாள். இடைப்பட்ட காலத்தில் சாம்பார் அண்டாவுக்கு வேறு ஒருத்தி வந்திருந்ததால் மறுபடியும் அரிவாள்மனை.

தை மாசத்தில் ஒரு நாள், குன்னம் பக்கம் ஒரு மண்டபத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது போனில் சேதி வந்தது. லான் அங்கேயே ஆப்பில் போட்டு மாற்றி, தமிழில் அனுப்பியிருந்தாள். தனம் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"துவான் உணவு உண்பதில்லை. நான் சமைத்தால் அது பெரியம்மாவின் சுவை இல்லை என்று கூறுகிறான். அவன் பேசுவதும் குறைவு. மூத்த சகோதரியே, நான் என்ன செய்ய வேண்டும்?"

தனம் அதை மூன்று தடவை படித்தாள். ஹுவே என்ன போட்டு, எப்படிச் சமைத்தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தட்டைத் தூக்கிக் காட்டியதைப் பார்த்திருக்கிறாள். மணம் தெரியாது, ருசி தெரியாது. "தனம், கத்திரிக்கா என்னாச்சு?" என்று மாஸ்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவள் பின்வாசல் பக்கம் ஒதுங்கி, போனை வாய்க்குக் கிட்டே வைத்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியவில்லை. மாலையில் அழைப்பு விடுங்கள்."

அன்று சாயங்காலத்திலிருந்து லான் வீடியோ காலில் வருகிறாள். அரசாங்கம் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகை. போனை எதன்மேலோ சாய்த்துவைத்துவிட்டு லான் அடுப்பு மூட்டுவாள். பையன் சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் குரும்பலூரில் தனம் தன் போனை அரிசி டப்பாவில் சாய்த்துவைத்துக்கொண்டு குழம்பு வைப்பாள். தனத்தின் போனிலும் கீதாஞ்சலி அந்த ஆப்பைப் போட்டுக்கொடுத்திருந்தாள், ஆனால் இருவரும் அதைத் தொடுவதில்லை. சட்டியில் என்ன இருக்கிறது என்று தனம் காட்டுவாள். லான் எட்டிப் பார்ப்பாள். பையனுக்கு வைத்த கிண்ணம் வைத்த இடத்தில் இருக்கும்.

போன வாரம் ஒரு நாள் தனம் கீரை கடையும் சத்தத்துக்கு அவன் திரும்பினான். முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பாதியாகிப் போயிருந்தான். அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, லானிடம் எதையோ கேட்டான். தனத்துக்குப் பதற்றமாகிவிட்டது. ஆப்பை அழுத்தினாள். "இவர் யார்?" என்று எழுத்து வந்தது.

லான் அவனுக்குப் பதில் சொன்னாள். நீளமான பதில், கையையெல்லாம் ஆட்டிச் சொன்னாள். அதற்குள் போனில் சிக்னல் சிக்கிக்கொண்டு, ஆப் பாதி வார்த்தைகளை விழுங்கி, கடைசியில் ஒன்றும் காட்டவில்லை. பையன் கேட்டுக்கொண்டான். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கிண்ணத்தைத் தொடவில்லை.

குழந்தைவேல் கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தான். "இன்னிக்காச்சும் சாப்புட்டானா?"

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத் தனம் அவனுக்குச் சோறு போட்டாள்.